மெழுகில் விழுந்த சபாஷ்

கூடலூர்
12 பிப்ரவரி 1935

மக்பூல் அண்ணனுக்கு அமீனாவின் ஸலாம்.

கண்ணாடி நன்றாக இருக்கிறது. கண்தான் கெட்டுக்கொண்டு வருகிறது. வெறும் கண்ணாடி போதும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "கொஞ்சமாச்சும் பவர் இருந்தாத்தானுங்க ஊட்டுல நம்புவாங்க" என்று கடைக்காரரிடம் சொன்னது நீங்கள். இப்போது அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் அரிசியும் கல்லாகத் தெரிகிறது.

சிரிக்காதீர்கள். இவர் கடையை அடைத்துவிட்டு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இப்பத் தெளிவாத் தெரியுதா அமீனா?" என்பதுதான். "தெரியுதுங்க" என்கிறேன். கண் வைத்தியத்துக்கு மெட்ராஸ் போய்வந்தது வீண்போகவில்லை என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். திட்டுகிற புருஷனிடம் பொய் சொல்வது சுலபம் அண்ணா. இவரிடம் சொல்வது முள்ளை விழுங்குவதாக இருக்கிறது.

ஆனால் மெட்ராஸ் போனதற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. அந்த அறையில் மைக் முன்னால் நின்றபோது என்னை யாரும் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்கிற காலம் வந்துவிட்டது. என்னைப் போன்றவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சின்ன வயதில் அத்தா வாங்கிவந்த கிராமபோன் பிளேட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடகி தன் பெயரைச் சொல்லுவாளே, நினைவிருக்கிறதா? நானும் அடுப்பூதுகிற குழலை வாயில் வைத்துக்கொண்டு, "என் பேரு அமீனா" என்று முடிப்பேன். குட்டித் தங்கச்சி நஜ்மு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, தாளம் தப்பித் தப்பிக் கை தட்டுவாள். இப்போது பிளேட்டில் என் பெயர் 'குன்னூர் கனகம்'. இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. தாலாட்டின் கடைசி அடியில் நான் மேலே போய் நின்றபோது, ஆர்மோனியத்தில் கையை வைத்தபடியே "சபாஷ் தங்கச்சி!" என்று கத்திவிட்டீர்களே. அது பாட்டுப் பதிகிற மெழுகில் விழுந்திருக்குமா? "மைக் எம்பக்கம் திரும்பலே" என்று அங்கே சொன்னீர்கள். உங்கள் குரல் இந்த மலைச்சீமைக்கே தெரியும். ஊட்டி பஜாரில் உங்களிடம் கிராமபோன் ஊசி வாங்காதவர் யார்? சேம்பிள் வந்ததும் காதை வைத்துக் கேளுங்கள். விழுந்திருந்தால் அச்சடிக்க வேண்டாம். இவருக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் நான் எப்படித் தலைகாட்டுவேன்?

அண்ணிக்கும் நஜ்முவுக்கும் என் அன்பு.

அமீனா


ஊட்டி
6 மார்ச் 1935

தங்கச்சி அமீனாவுக்கு, எழுதுவது மக்பூல்.

சேம்பிள் வந்துவிட்டது! கடையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கேட்டேன். ஒரு துரும்புகூட விழவில்லை. உன் குரல் மட்டும்தான், பின்னால் என் ஆர்மோனியம். நிம்மதியாக இரு. அச்சுக்குச் சொல்லிவிட்டேன்.

லேபிளைப் பார்த்தால் விடமாட்டாய். பச்சை வட்டம், நடுவில் ஒரு தேயிலைக் கொழுந்து, கீழே 'கொழுந்து மார்க்'. பிளேட்டுக் கம்பெனி ஏஜெண்டு அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பாய், கம்பெனி இல்லாம நீங்களே பிளேட்டுப் போட்டா எவன் வாங்குவான்?" என்று கேட்டார். கனகத்தைத் தங்களிடம் எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறார். எழுதிக் கொடுத்தால் அவர்கள் சொல்கிற பாட்டை, சொல்கிற நாளில் பாட வேண்டும். நாளைக்கு டாக்கிப் படத்தில் நிற்கச் சொல்வார்கள். நம் பாட்டு நம்முடையதாகவே இருக்கட்டும் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன்னெல்லாம் நாடகப் பாட்டு கேட்டு வருவார்கள். இப்போது கடை ஏறும்போதே, "எந்தப் படத்துப் பாட்டுங்க?" என்கிறார்கள். படத்தில் இல்லை என்றால் கையிலேயே வாங்குவதில்லை. அதனால் நான் கடையில் உட்காரப் போவதில்லை. சந்தை நாளில் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகப் போகிறேன். கேட்க வைத்துவிட்டால் போதும், அப்புறம் உன் குரல் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு நல்ல சேதி. நம் நஜ்முவுக்கு வெலிங்டனிலிருந்து இடம் வந்திருக்கிறது. பட்டாளத்துக்கு ரொட்டி சப்ளை செய்கிற குடும்பம். பையன் பெயர் அமீர். போன வாரம் உன் அண்ணியோடு குன்னூர் போயிருந்தபோது ரயிலடியில் அவனைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். வந்ததிலிருந்து சோற்றில் இரண்டு தடவை உப்புப் போடுகிறாள். மழைக்காலம் விட்டதும் நிக்காஹ்.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

மக்பூல்


ஊட்டி
19 மே 1935

தங்கச்சிக்கு,

நீ பெரிய ஆளாகிவிட்டாய். சீசனுக்கு வந்த கோயமுத்தூர்க்காரர்கள்கூட "மஞ்சு வந்து வாசலிலே தாலாட்டுப் பிளேட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டு வருகிறார்கள். படப் பாட்டு இல்லை, கம்பெனி இல்லை, பேப்பரில் விளம்பரம் இல்லை. எஸ்டேட் லயன் வீடுகளில்தான் முதலில் பிடித்தது. கருப்புசாமி மேஸ்திரி, "எங்க பொம்பளைக கொழுந்து கிள்ளும்போது இதையேதான் பாடுறாங்க, எனக்குக் காது புளிச்சுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பிளேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வேடிக்கையைக் கேள். குன்னூரில் கனகத்தைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறாள், ஒல்லியாக உயரமாக இருப்பாள், தன்னிடம்தான் வெற்றிலை வாங்குவாள் என்று ஒரு கடைக்காரன் அடித்துச் சொல்கிறான். நீ என் கையிலிருந்த கடலை மிட்டாயைப் பிடுங்கித் தின்று வளர்ந்தவள். ஒல்லி உயரத்துக்கு நீ எங்கே போவாய்!

அடுத்த பிளேட்டுக்குப் பாட்டு யோசி. ஊட்டி மழையைப் பற்றி ஒன்று, ஜட்கா வண்டிக்காரனைப் பற்றி ஒன்று. மறுபடி ஒரு 'கண் வைத்தியம்' வைத்துக்கொள்ளலாம்.

நஜ்மு நலம். கல்யாணப் புடவைக்கு நிறம் சொல்லத் தெரியாமல் நாலு நாளாக உன் அண்ணி உயிரை வாங்குகிறாள்.

மக்பூல்


கூடலூர்
14 ஜூன் 1935

அண்ணா,

"ஒரு துரும்புகூட விழவில்லை." மார்ச் மாதம் நீங்கள் எழுதியது. நான் அதை அடுப்பில் போடவில்லை. இப்போது என் முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

டக்ளஸ் துரை சீமைக்குப் போகிறார் என்று அவர் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். இவர் ஒரு கிராமபோனை எடுத்துக்கொண்டு வந்தார். எதற்குத் தெரியுமா? "கண்ணு நோவோட ஊட்டுலயே அடஞ்சு கெடக்கறயே, பாட்டாச்சும் கேளு" என்றார். அதோடு விடவில்லை. பஜாரில் எல்லோரும் வாங்குகிற பிளேட்டு எது என்று விசாரித்து, அதையும் வாங்கி வந்திருக்கிறார். உறையைப் பிரித்ததும் பச்சை வட்டத்தில் நம் கொழுந்து.

இந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பாடியதில்லை. பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கும்போது முனகுவதோடு சரி. அதனால் என் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "என்னமாப் பாடுறா பாரு" என்றார். அண்ணா, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் இந்த உலகத்திலேயே சந்தோஷமான பெண்ணாக இருந்தேன்.

அப்புறம் கடைசி அடி. அப்புறம் நீங்கள். "சபாஷ் தங்கச்சி!" பக்கத்து வீட்டில் நின்று கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது உங்கண்ணன் தொண்டையல்ல?" மாமியார் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, "அப்பப் பாடுறவ யாரு? ஊட்டுல இருக்கற தங்கச்சி அந்த நஜ்முதான?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு நிக்கற புள்ளயோட கொரலக் கடைவீதியில விக்கறானா உங்கண்ணன்? உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றேன்.

"உனக்கு எங்க தெரியும் பாவம்" என்று சொல்லி, மூக்கில் இறங்கியிருந்த என் கண்ணாடியைத் தூக்கிவிட்டார்.

நஜ்முவுக்குத் தாலாட்டுப் பாட வராது. அவள் பாடினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து அழும். அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்களை என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னை என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. என் வாயால் என் தங்கச்சியைக் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சும்மா இருந்தே கொடுத்துவிட்டேன்.

வெலிங்டனுக்குச் செய்தி போவதற்குள் ஏதாவது செய்யுங்கள்.

அமீனா


ஊட்டி
23 ஜூன் 1935

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே வெலிங்டனுக்குச் செய்தி போய்விட்டது. சொல்ல வேண்டியதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இந்தத் தடவையாவது.

சேம்பிளில் அந்தச் சத்தம் இருந்தது. அதே தாலாட்டை நாம் இரண்டு மெழுகுத் தட்டில் பதிந்தோம் அல்லவா, இரண்டாவதில் நான் வாயைத் திறக்கவில்லை. அதை அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் இரண்டாவதில் உன் குரல் களைத்திருந்தது. முதல் மெழுகில் அந்தக் கடைசி அடியில் நீ நின்றாயே, அந்த மாதிரி நீ அதற்கு முன்னும் பின்னும் பாடியதில்லை. அதைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். இதை உலகம் கேட்காமல் போகக் கூடாது என்று தோன்றியது. என் சத்தத்தை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. நல்ல பாட்டு என்கிற பெயரில் நான் செய்தது இது.

அமீரின் அத்தா, ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்களோடு காந்தலில் நம் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "மக்பூல் பாய், பிளேட்டுல கேக்கறது உங்க கொரலுன்னு ஊரே சொல்லுது. தங்கச்சிங்கறது யாருங்க?" என்றார். பாட்டுக்காரிகளைத் தங்கச்சி என்று கூப்பிடுவது வழக்கம், கூலிக்குப் பாடிய பெண் அது என்று ஆரம்பித்தேன். "அப்ப அந்தப் பொண்ணக் காட்டுங்க, வெவகாரம் தீந்துரும்" என்றார் கூட வந்தவர்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து நஜ்மு சொன்னாள்: "நான்தானுங்க பாடுனது."

அவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். சம்பந்தம் முறிந்துவிட்டது.

"ஏண்டி இப்படிச் சொன்னே?" என்று உன் அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அவங்க முன்னால ஒரு அடி பாடிக் காட்டியிருந்தா நீ இல்லேன்னு தெரிஞ்சிருக்குமே!" அதற்கு நஜ்மு சொன்னதைக் கேள். "எனக்குப் பாட வராதுன்னு தெரிஞ்சா, அடுத்த கேள்வி அப்ப யாருன்னுதான அண்ணி. இந்த அண்ணனுக்கு இருக்கறது ரெண்டே தங்கச்சி. அக்காளுக்குப் புருஷன் இருக்கு, புள்ளைக இருக்கு. எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகலியே."

உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். கடையில் இருந்த பிளேட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். அதனால் என்ன? வெளியே போனவை பாடிக்கொண்டுதான் இருக்கின்றன. நேற்று பெர்ன்ஹில் பக்கம் போனேன். ஒரு வீட்டு ஜன்னல் வழியாக என் குரல் என்னையே சபாஷ் சொல்லித் துரத்தியது.

மக்பூல்


கூடலூர்
4 ஜூலை 1935

அண்ணா,

இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். மற்ற இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதில் உங்களைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் இன்றைக்கே இவரிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுதியிருந்தேன். இரண்டுமே பொய்யாகிவிடும் என்று பட்டது.

தினமும் சொல்லிவிட நினைக்கிறேன். சோறு போடும்போது வாய்வரை வருகிறது. அந்த நேரம் பார்த்து இவர், "பாவம் உங்கண்ணன், அந்தப் புள்ளைய அடக்கி வளக்கத் தெரியல" என்பார். அப்போதே "அவ இல்லீங்க, நானு" என்று சொல்ல வேண்டும். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். சின்னவன் காலைக் கட்டிக்கொள்கிறான். இவனைப் பிரித்து என்னை அனுப்பிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்ததும் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன்.

நஜ்முவுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லையாம். ரயிலடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டவளுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்! அவள் பெரிய மனசோடு சொன்னாள் என்று ஆறுதல் தேடிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவள் கொடுத்ததை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்திருக்கிறேன்.

கொஞ்சம் நாள் கொடுங்கள். அமீர் வீட்டாரை எப்படியாவது பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

அமீனா


ஊட்டி
28 ஜூலை 1935

தங்கச்சிக்கு,

இனி யாரும் பொறுத்திருக்க வேண்டியதில்லை. போன வெள்ளிக்கிழமை அமீருக்கு நிக்காஹ் முடிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்துப் பெண்.

நஜ்மு அழுவாள் என்று நானும் உன் அண்ணியும் அவள் பின்னாலேயே அலைந்தோம். அழவில்லை. மறுநாள் காலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, "கடைக்கு வர்றேன்" என்றாள். கடைக்கு எதற்கு என்றேன். "பிளேட்டுல பாடுனவ கடையில உக்காந்தா என்ன கொறஞ்சு போயிரும்?" என்றாள். அன்றிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். எந்த மிஷினுக்கு எந்த ஊசி என்று இதற்குள் படித்துவிட்டாள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. ஆனால் என்னோடு வியாபாரப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒரு கடைக்குள் இரண்டு பேர் நாள் முழுக்க இப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்லிப் புரியாது.

கம்பெனி ஏஜெண்டு மறுபடி வந்தார். கனகத்தின் உண்மைப் பெயரையும் விலாசத்தையும் கேட்டார். இப்போது சரி என்று சொன்னால் நம் தொல்லைகள் தீரும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நஜ்மு உள்ளேயிருந்து, "கனகம் செத்துப்போயிட்டாங்க" என்றாள். அவர் உண்மை என்று நம்பி, 'த்சொ த்சொ' கொட்டிவிட்டுப் போனார்.

அமீனா, நீ இனிமேல் சொல்ல வேண்டாம். சம்பந்தம் போய்விட்டது. இப்போது நீயும் போய்ச் சொன்னால் இரண்டு வீடு கெட்டதாக இருக்கும், ஒன்றும் திரும்பி வராது. இது என் பாவம், என்னோடு இருக்கட்டும்.

மக்பூல்


கூடலூர்
17 ஆகஸ்ட் 1935

அண்ணா,

சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பதைவிடப் பாடிவிட்டேன் என்பதுதான் சரி.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. 'அப்பாடா, இனி வேண்டாமாம்.' அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு என் மேல் அருவருப்பு வந்தது. தங்கச்சியின் கல்யாணம் நின்றுபோன சேதியைப் படித்துவிட்டு ஒரு அக்காளுக்கு நிம்மதி வருமா?

நேற்று ஜும்ஆ முடிந்து இவர் வீட்டுக்கு வந்திருந்தார். கூடலூர் மழையைப் பற்றித்தான் தெரியுமே, ஓட்டின் மேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி பெய்தது. சின்னவன் தூக்கத்துக்கு அழுதான். இப்போதெல்லாம் அந்தப் பிளேட்டைப் போட்டால்தான் அவன் தூங்குவான். பாடியவளைத் திட்டிக்கொண்டே இவர் தினமும் போடுவார், அது வேறு கதை. நேற்றும் போட்டார்.

மஞ்சு வந்து வாசலிலே மறிச்சு நிக்குதே – எம்
பிஞ்சு மகன் தூங்கலைன்னு பேசி நிக்குதே
கம்பளிக்குள் கதகதப்பாக் கண்ணு...

அங்கே சாவி தீர்ந்துபோய் மிஷின் இழுத்து இழுத்து நின்றது. பிள்ளை வீறிட்டான். கைப்பிடி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எழுந்து இரண்டு திருகு திருகியிருந்தால் அது பாட்டுக்குப் பாடியிருக்கும். நான் திருகவில்லை.

'கண்ணு' என்று நின்றதல்லவா, 'மூடடா' என்று நான் எடுத்தேன். முனகவில்லை. மெட்ராஸில் பாடின மாதிரியே முழுத்தொண்டையில், மழைச் சத்தத்துக்கு மேலே. கடைசி அடிவரை போனேன். மேலே நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். சபாஷ் சொல்லத்தான் ஆள் இல்லை.

பிள்ளை தூங்கிவிட்டான். மாமியார் வெற்றிலை இடிக்கிற உலக்கையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். இவர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். "நஜ்மு இல்லீங்க. நாந்தான். கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க, மெட்ராஸ் போனது இதுக்குத்தான்" என்றேன்.

பாடியதற்குக் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தெனமும் கேட்டேனே, தெளிவாத் தெரியுதான்னு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் மிஷினுக்குச் சாவி கொடுத்து, அதே இடத்திலிருந்து மறுபடி போட்டுக் கேட்டார். மறுபடி சாவி, மறுபடி அதே அடி. கடைசியில் அவர் திருகின திருகலில் உள்ளே ஸ்பிரிங் படாரென்று அறுந்துவிட்டது. எழுந்து மழையிலேயே கடைக்குப் போய்விட்டார். இரவு அங்கேதான் படுத்தார். இன்றைக்கும் சாப்பிட வரவில்லை. மாமியார் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகிறார்.

இங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண் தெளிவாகத் தெரிகிறது.

நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஜமாஅத் பெரியவர்களிடம் போய் என் பெயரைச் சொல்லுங்கள். அமீர் திரும்பி வரப் போவதில்லை, ஆனாலும் நஜ்மு சொன்ன பொய் அவள் தலையில் இன்னொரு நாள் இருக்கக் கூடாது. இரண்டாவது, எப்போதாவது நாம் மறுபடி பிளேட்டுப் போட்டால் அதில் கனகம் வேண்டாம். பாட்டு முடிந்ததும் அத்தா காலத்துப் பாடகிகள் மாதிரி என் பெயரை நானே சொல்வேன். அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

நஜ்முவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதத் துணிவு இல்லை. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுங்கள்.

அமீனா


ஊட்டி
2 செப்டம்பர் 1935

அமீனாவுக்கு,

சொன்னபடி ஜமாஅத்துக்குப் போய் உன் பெயரைச் சொன்னேன். "அப்ப அந்தச் சின்னப் புள்ள எதுக்குங்க நான்தான்னுச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வெலிங்டன்காரர் அடுத்த வாரம் கடைப்பக்கம் வந்தார். நஜ்மு கல்லாவில் இருப்பதைப் பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். கடையிலேயே நின்று படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மிஷின் நின்ன எடத்துலருந்தா அக்கா எடுத்துச்சு? சுருதி வெலகாமயா?" என்று கேட்டாள். சுருதிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்! நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பரணில் ஏறிக் கட்டியிருந்த பிளேட்டுகளைத் தானே இறக்கித் துடைத்து அடுக்கினாள்.

நேற்று உன் வீட்டுக்காரர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு. துண்டில் சுற்றிய கிராமபோன் கையில். பெஞ்சில் வைத்துவிட்டு, "ஸ்பிரிங் போச்சுங்க மச்சான், பையன் தூங்க மாட்டேங்கறான்" என்றார். நான் மாட்டி முடிக்கும்வரை வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புறப்படும்போது நஜ்முவின் பக்கம் திரும்பி, "உன்னையப் பத்தித் தப்பாப் பேசிப்போட்டேம்மா" என்றார். நஜ்மு ஒரு ஊசி டப்பாவை எடுத்து அவர் பையில் வைத்தாள்.

இப்போது தினமும் காலையில் கடை திறந்ததும் நஜ்மு கிராமபோன் குழாயை வெளியே திருப்பி வைத்து உன் தாலாட்டைத்தான் முதலில் போடுகிறாள். கூட்டம் நிற்கிறது. பாட்டு முடிந்ததும் யாராவது ஒருவர், "ஏம்மா, தங்கச்சிங்கறாரே உங்கண்ணன், உன்னையத்தான?" என்று கேட்பார். "இல்லீங்க, எங்கக்கா. பேரு அமீனா, கூடலூர்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறாள். வாங்குகிறவர்களின் பிளேட்டு உறையில் கனகத்தை அடித்துவிட்டு, தன் கையெழுத்தில் உன் பெயரை எழுதிக் கொடுக்கிறாள்.

என்னோடு இன்னும் வியாபாரப் பேச்சுத்தான். கேட்டால் திட்டுவாள் என்று நானும் கேட்பதில்லை. நீ கடைசி அடிக்கு ஏறும்போது அவள் ஊசியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் சபாஷ் வராமல் அதைத் தூக்கிவிடுவாள் என்று தினமும் எதிர்பார்க்கிறேன், தூக்குவதில்லை. என் சத்தம் வருவதற்கு முன்னால் நான் கடைக்குள்ளே போய்விடுகிறேன்.

மக்பூல்